ஜெனரலின் காதுகள்

அத்தியாயம் 9

சதுக்கத்தில் பீரங்கி வெடிக்கப் போகிறது என்றால் எல்லோரும் பீரங்கியைத்தான் பார்ப்பார்கள். என் முதலாளி கஸிமிர் பெல்துவா மட்டும் சுற்றி நின்ற ஆட்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன முதலாளி, பல் வைத்தியம் பழகறீங்களா?" என்றேன்.

"என்ன?"

அவருக்கு இடது காது வேலைக்காகாது. சின்ன வயதில் பீரங்கிப் படையில் வெடிமருந்து வண்டி ஓட்டியவர். வலது பக்கம் போய் நின்று மறுபடி சொன்னேன். அதற்குள் நகைச்சுவை செத்துப்போயிருந்தது. துப்பறியும் வேலைக்கு வருவதற்கு முன் நான் பாரிஸில் நாடகக்காரி. இந்த ஜெலி ஒரு வரி சொன்னால் மேல்மாடிவரை சிரிப்பார்கள். இங்கே ஒரே வரியை இரண்டு தடவை சொல்லி முறைப்பு வாங்க வேண்டியிருக்கிறது.

"பீரங்கிகிட்ட நிக்கிற கிழவனுங்க வாயைப் பாரு, ஜெலி."

பார்த்தேன். வால்மோரே நகரத்தின் பழைய பீரங்கிக்காரர்கள் ஐந்தாறு பேர், பூச்சி அரித்த சீருடையில் விறைப்பாக நின்றார்கள். திரியில் நெருப்பு வைத்ததும் அத்தனை பேரும் வாயைப் பிளந்தார்கள். கோயில் மணி அடித்தால் தொப்பியைக் கழற்றுவது போல, யோசிக்காமல் செய்தார்கள்.

"வாயைத் திறந்து வெச்சா காதுல விழற அடி கொஞ்சம் குறையும்" என்றார் முதலாளி. "படையில சேர்ந்த அன்னிக்கே சொல்லிக் குடுத்துடுவாங்க. அப்புறம் தூக்கத்துல இடி இடிச்சாக்கூட வாய் தானா திறந்துக்கும். இப்ப மேடையைப் பாரு."

மேடையில் ஜெனரல் பார்த்தெலெமி லாஷோம் நின்றிருந்தார். பீரங்கிப் படையில் நாற்பது வருடம், மக்கள் சபையில் பத்து வருடம், மார்பில் இடமில்லாமல் பதக்கம். அடுத்த வாரம் யுத்த மந்திரி ஆகிறார் என்று பத்திரிகைகள் எழுதிவிட்டன. நீதிமன்றத்தில் சாட்சி சொல்லத்தான் ஊருக்கு வந்திருக்கிறார். ஊர்க்காரர்கள் அதையே திருவிழா ஆக்கிவிட்டார்கள்.

பீரங்கி வெடித்தது. ஜெனரல் உதடுகளை இறுக்கி மூடினார். கண்ணையும் மூடினார். தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின.

"அடடா! சபையில ஒரு நாளும் மூடாத வாய், பீரங்கிக்கு முன்னாடி மட்டும் மூடிக்கிச்சே!" என்றேன்.

இந்தத் தடவை முதலாளிக்கு முதல் முறையிலேயே கேட்டது. சிரித்தார். எங்களுக்குக் கிடைத்த ஒரே பிடி அதுதான். விடிந்தால் விசாரணை.

வழக்கு இதுதான். மத்துரேன் என்று ஒரு பழைய பீரங்கி சார்ஜென்ட். ஸ்பெயினில் கல்தேரா கோட்டை முற்றுகையில் பீரங்கிக்குப் பக்கத்திலேயே கிடந்து இரண்டு காதையும் பறிகொடுத்தவர். ஜெனரலின் புகழ் முழுக்க அதே கல்தேராவில் முளைத்ததுதான். இளம் அதிகாரியாக இருந்தபோது தன் கையாலேயே பீரங்கியைச் சுட்டு மதிலைத் தகர்த்தாராம். நகர மன்றத்தில் ஆளுயர ஓவியம் இருக்கிறது. அதில் ஜெனரல் பீரங்கி மேல் ஒரு காலை வைத்திருப்பார். சுட்டுச் சூடாயிருக்கும் பீரங்கி மேல் காலை வைத்தால் என்ன ஆகும் என்று ஓவியருக்கும் தெரியவில்லை, ஜெனரலுக்கும் தெரியவில்லை.

தேர்தல் சமயத்தில் ஜெனரலுக்கு ஓர் ஆசை வந்தது. கூடப் போரிட்ட தோழனைப் பக்கத்தில் உட்கார வைத்து விருந்து சாப்பிட்டால் ஊர் கண்ணீர் விடுமே! மத்துரேனுக்கு நல்லதாக ஒரு மேலங்கியை இரவல் கொடுத்து, கூப்பிட்டு உட்கார வைத்தார். வாத்து வறுவல் வருகிறவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அப்போது ஒரு சீமாட்டி மத்துரேனின் காதருகே குனிந்து, "கல்தேராவில ஜெனரல் என்ன செஞ்சார், சொல்லுங்களேன்" என்று கத்தியிருக்கிறாள்.

செவிடருக்குத் தன் குரல் எவ்வளவு பெரிது என்று தெரியாது. மத்துரேன் வாத்தை மென்றுகொண்டே சொன்ன பதில் தெருவரைக்கும் கேட்டதாம்: "ஜெனரலா? அவரு அங்க எங்கம்மா வந்தாரு? குதிரைக்குப் புல்லு வாங்கப் போயிட்டு, கோட்டை விழுந்து மூணாம் நாள்தானே திரும்பி வந்தாரு! நல்ல புல்லும்மா, குறை சொல்லக் கூடாது!"

மேசை முழுக்கச் சிரித்தது. ஜெனரலும் சிரித்தார். எட்டு நாள் கழித்து, பேரரசர் கொடுத்த அவருடைய கௌரவ வாள் காணாமல் போனது. இரவல் அங்கியைத் திருப்பிக் கொடுக்க வந்த மத்துரேன்தான் திருடன் என்று பிடித்துப் போட்டார்கள். வாள் கிடைக்கவில்லை. பார்த்த சாட்சியும் இல்லை. ஜெனரல் மட்டும், "நான் மாடியில இருந்தேன். கீழ் வாசல்ல அவன் யார்கிட்டயோ குசுகுசுன்னு 'வாளை எடுத்தாச்சு, வா போகலாம்'னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு" என்று சத்தியம் செய்திருக்கிறார்.

மத்துரேன் குசுகுசுப்பதாவது! பாவமன்னிப்புக் கேட்கப் போனால், அவர் பாவம் கோயில் முழுக்கக் கேட்டுவிடுகிறது என்று பாதிரியார் அவரை வயல்வெளிக்குக் கூட்டிப் போய்த்தான் கேட்பார். நாங்கள் சிறையில் போய்ப் பார்த்தபோது அவர், "சாப்பாடு மோசம்!" என்று எங்களிடம் ரகசியமாகச் சொன்னார். அடுத்த கட்டிடத்தில் இருந்த சமையல்காரன் வந்து சண்டை போட்டான்.

"இதைச் சொன்னாலே போதுமே, முதலாளி? இந்த ஆளால ரகசியம் பேசவே முடியாதுன்னு?"

"வேணும்னே கத்தி நடிக்கிறான்னு அரசு வக்கீல் சொல்லுவான். ஒரு பக்கம் பழைய சார்ஜென்ட், இன்னொரு பக்கம் வரப்போற மந்திரி. ஜூரி யாரை நம்பும்?"

சிறை வாசலில் மத்துரேனின் மனைவி துவானெத் எங்கள் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். சலவைக்காரி. கை இரண்டும் சோப்பு நீரில் ஊறி வெளுத்திருந்தன. அழவில்லை. "தூலோன் சிறையில சங்கிலி போட்டு வேலை வாங்குவாங்களாமே, ஐயா. அறுபது வயசு. காவலாளி பின்னாலேருந்து கூப்பிட்டாக் கேக்காது. கேக்கலைன்னா சவுக்கால அடிப்பாங்க. எவ்வளவு நாள் தாங்குவாரு?" என்றாள்.

அதைக் கேட்டதிலிருந்து அந்த ஜெனரலை நான் சும்மா விடுவதாக இல்லை.

சதுக்கத்து விழா முடிந்ததும் நகர மன்றத்தில் மதிய விருந்து. முதலாளி பாரிஸ் பத்திரிகைக்காரர் என்றும் நான் அவர் தங்கை என்றும் சொல்லி நுழைந்தோம். நாற்பது வருடம் பீரங்கிப் படையில் இருந்தவர் பீரங்கியோடு நாற்பது நிமிடமாவது இருந்தாரா என்று பார்க்க வேண்டும். பீரங்கிக்குப் பக்கத்தில் வாழ்ந்தவனுக்குக் கொஞ்சமாவது காது மந்தமாக இருக்கும் என்பது முதலாளி கணக்கு.

ஜெனரல் மேசைத் தலைமாட்டில் வெங்காய சூப் குடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் அவருக்குப் பின்னால், சுவரோரம் ஒதுங்கி நின்றோம். நடுவில் நாலைந்து பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் விசிறியால் வாயை மறைத்துக்கொண்டு முதலாளியின் வலது காதில் மூச்சுக் காற்றாகச் சொன்னேன்:

"பாவம், ஜெனரலோட மீசைச் சாயம் கரைஞ்சு சூப்புல சொட்டுது."

ஜெனரலின் கை விருட்டென்று மீசைக்குப் போனது. சூப்பைக் குனிந்து பார்த்தார்.

"தற்செயலா இருக்கும்" என்றார் முதலாளி.

"பொய் முடி வேற பின்னாடி ஒட்டு விட்டுப்போச்சு" என்று மூச்சுவிட்டேன்.

கை பிடரிக்குப் போனது. அழுத்திப் பார்த்துவிட்டு நிம்மதியாகக் கீழே இறங்கியது.

"போதும், ஜெலி. அடுத்தது நீ கால்சட்டைக்குத்தான் போவ."

வெளியே வந்ததும் நான் குதித்தேன். "அகப்பட்டான் முதலாளி! காது கொஞ்சமும் பழுதாகலை. அப்ப இவன் பீரங்கிக்காரனே இல்லை! நாளைக்குக் கோர்ட்ல இவன் முகமூடியைக் கிழிச்சு, கல்தேரா, பதக்கம், ஓவியம், மந்திரிப் பதவி எல்லாத்தையும் குப்பையில போடலாம்!"

முதலாளி பதில் சொல்லவில்லை. கேட்கவில்லையோ என்று வலது பக்கம் போய் மறுபடி சொன்னேன்.

"முதல் தடவையே கேட்டுச்சு" என்றார். "மத்துரேனுக்காக வந்திருக்கோம், ஜெலி. அதை மறந்துடாத."

இந்த ஜெனரலின் தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். பேரரசர் ஆண்டபோது தொப்பியில் மூவர்ண ரிப்பன் குத்தியிருந்தார். அரசர் திரும்பி வந்ததும் வெள்ளை ரிப்பன். பேரரசர் தீவிலிருந்து ஓடி வந்தபோது மறுபடி மூவர்ணம், அவர் தோற்ற மறு வாரம் மறுபடி வெள்ளை. பிறகு பாரிஸ் தெருக்களில் ஜனங்கள் மேசை நாற்காலியைக் குவித்து அந்த அரசரையும் விரட்டினார்கள். அன்று மதியமே ஜெனரல் மூவர்ணத்தோடு பால்கனியில் நின்று கையசைத்தார். ஒவ்வொரு ரிப்பனுக்கும் ஒரு பதவி உயர்வு. பிரான்சு எந்தப் போரில் தோற்றாலும் இவர் மட்டும் ஜெயித்துக்கொண்டே வந்தார். மாறாதது அந்தக் கல்தேரா ஒன்றுதான். அதை வைத்துத்தான் எல்லா அரசாங்கத்திலும் சாப்பாடு.

மறுநாள் காலை நீதிமன்றத்தில் நிற்க இடமில்லை. கூண்டில் மத்துரேன். எல்லோருடைய உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக் களைத்துப்போய், கடைசியில் மனைவி முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூரித் தலைவர் யார் என்று பார்த்ததும் முதலாளி என் முழங்கையை இடித்தார். கேப்டன் ப்ரூஸே, ஓய்வு பெற்ற பீரங்கி அதிகாரி. காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டு, எதைச் சொன்னாலும் "என்னது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜெனரல் சாட்சி சொல்ல எழுந்தார். வயதான நீதிபதி தார்திவேல் மரியாதையாகவே கேட்டார்: "மாடியில இருந்தவருக்குக் கீழ் வாசல் குசுகுசுப்பு எப்படி அவ்வளவு தெளிவா கேட்டுச்சு, ஜெனரல்?"

"கனம் நீதிபதி அவர்களே, எனக்குப் பாம்புச் செவி!" என்று மார்பைத் தட்டினார் ஜெனரல். "அடுத்த தெருவில ஊசி விழுந்தாலும் கேக்கும்."

"என்னது? என்ன செவி?" என்றார் கேப்டன் ப்ரூஸே.

பக்கத்து ஜூரி அவர் காதில் கத்தினார். கேப்டன் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு ஜெனரலை மேலும் கீழும் பார்த்தார்.

அடுத்து மத்துரேன் தரப்புச் சாட்சியாக முதலாளியைக் கூப்பிட்டார்கள். கிழிக்கப் போகிறார் என்று நான் இருக்கை நுனியில் உட்கார்ந்திருந்தேன். அவரோ ஜெனரலைப் பாராட்ட ஆரம்பித்துவிட்டார்!

"ஜூரி கனவான்களே, ஜெனரல் லாஷோம் மாதிரி ஒரு அதிசயத்தை நான் பார்த்ததே இல்லை. நானும் பீரங்கிப் படைதான். வண்டிதான் ஓட்டினேன், அதுக்கே ஒரு காது போச்சு. கூண்டில நிக்கிறவருக்குக் கல்தேராவில ரெண்டும் போச்சு. அந்த வரிசையில பீரங்கி சுட்ட ஆள் ஒருத்தருக்குக்கூட இன்னிக்கு நல்லாக் கேக்கறதில்லை. அதே இடத்தில, அதே பீரங்கிகிட்ட, தன் கையாலேயே சுட்டவர் நம்ம ஜெனரல். ஆனா ஊசி விழுந்தா கேக்குதாம்! இது தெய்வ அருள்தான். இல்லைன்னா வேற என்னவா இருக்கும்னு எனக்குத் தெரியலை. உங்கள்ல பீரங்கி தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க."

ஒவ்வொரு வார்த்தையையும் கேப்டன் ப்ரூஸேயின் முகத்துக்கு நேராக, உரக்கச் சொன்னார். கேப்டன் மெதுவாக எழுந்து நின்றார்.

"ஜெனரல்! நீங்க பீரங்கிக்கு எந்தப் பக்கம் நின்னீங்க?"

பின் வரிசையில் யாரோ, "புல்லுப் பக்கம்!" என்றான். சிரிப்பு கிளம்பி அடங்கியது. ஜெனரலின் முகத்தில் ரத்தமே இல்லை. கல்தேராவும் ஓவியமும் மந்திரிப் பதவியும் ஒரே கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தன. நான் மனசுக்குள் கைதட்டத் தயாராகிவிட்டேன்.

ஆனால் எத்தனை அரசாங்கத்தைத் தாண்டி வந்த மனுஷன் அவர்! காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க அவருக்கு ஒரு நொடி போதும். கேப்டனைப் பார்த்தார். காதுக்குப் பின்னால் குவிந்திருந்த அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தன் கையையும் மெல்லத் தூக்கி, அதேபோலத் தன் காதுக்குப் பின்னால் குவித்தார்.

"என்ன கேட்டீங்க, கேப்டன்? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

"இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது?" என்றார் ஜெனரல். குரல் தழுதழுத்தது. நான் மேடையில் பத்து வருடம் அழுதவள். இவ்வளவு சுத்தமான அழுகையை நான்கூட அழுததில்லை. "கல்தேராவிலேயே என் காது போயிடுச்சு. உதட்டைப் பார்த்துத்தான் எல்லாத்தையும் புரிஞ்சுக்கறேன். வீரன் தன் காயத்தைக் கடை பரப்பக் கூடாதுன்னு இத்தனை வருஷம் வாயைத் திறக்கலை. பாம்புச் செவின்னு சொன்னது ஒரு கிழவனோட வீம்பு. மன்னிச்சுடுங்க."

மண்டபத்தில் பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். கேப்டன் ப்ரூஸே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நீதிபதி தார்திவேல் மட்டும் கண்ணைத் துடைக்கவில்லை. மேசைமேல் சாய்ந்து, தொண்டை கிழியக் கத்தினார்: "அப்படீன்னா மாடியில இருந்தபடி குசுகுசுப்பை எப்படிக் கேட்டீங்க, ஜெனரல்? கீழ் வாசல்ல இருந்தவன் உதடு தெரிஞ்சுதா?"

"குசுகுசுப்பா? நான் அப்படியா சொன்னேன்?" ஜெனரல் அசடு வழியச் சிரித்தார். "ஏதோ பிரமையா இருக்கும். வயசாச்சு இல்லையா? இப்பத்தான் ஞாபகம் வருது... அந்த வாளைத் தங்கமுலாம் பூச நானே பாரிஸுக்கு அனுப்பியிருந்தேன் போல."

ஜூரிகள் உள்ளே போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். குற்றவாளி இல்லை. நீதிபதி விடுதலை என்று சொன்னது மத்துரேன் காதில் விழவில்லை. துவானெத்தைப் பார்த்து, "எத்தனை வருஷம்டி?" என்று ஊரே அதிரக் கத்தினார். அவள் இரண்டு கையையும் விரித்து, ஒன்றுமில்லை என்று காட்டினாள். அவருக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டார். அவள் கூண்டுக்குள்ளேயே ஏறிப் போய் அவர் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாள். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. கிழவர் குழந்தை மாதிரி அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வெளியே வந்தால் கொள்ளை வாழ்த்தொலி. மத்துரேனுக்கு என்று நினைத்தால், ஜெனரலுக்கு! நாட்டுக்காகக் காதையே கொடுத்த வீரர்! நகரத் தலைவர் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கொதித்துப் போனேன்.

"எல்லாம் வீணாப் போச்சே, முதலாளி! வந்ததைவிடப் பெரிய ஆளாப் போறான்! உங்களுக்குத் தெரியுமா இவன் இப்படித் தப்பிப்பான்னு?"

"அவனுக்கு ரெண்டு கதவு திறந்து வெச்சேன்" என்றார் முதலாளி, புகைக்குழாயில் புகையிலையை அடைத்துக்கொண்டே. "காது கேக்கும்னா கல்தேரா பொய். கேக்காதுன்னா சாட்சி பொய். எதில நுழைஞ்சாலும் மத்துரேன் வெளியே. இவன் எதை விடுவான், எதைப் பிடிச்சுக்குவான்னு எனக்குச் சந்தேகமே இல்லை."

"ஆனா இவன் மந்திரி ஆயிடுவானே!"

"ஆகட்டும். நாளையிலேருந்து சபையில எவன் என்ன திட்டினாலும் இவன் திரும்பிப் பார்க்க முடியாது. சமையல்காரியும் கோச்சு வண்டிக்காரனும் முதுகுக்குப் பின்னாடி என்ன பேசினாலும் சிரிச்சுக்கிட்டே இருக்கணும். சாகிற வரைக்கும். இந்தத் தண்டனையை எந்த ஜூரியும் குடுக்காது, ஜெலி."

நான் வாயைத் திறப்பதற்குள் துவானெத் எங்களைத் தாண்டிப் போனாள். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. ஜெனரலின் முன்னால் போய், பாவாடையை இரண்டு பக்கமும் பிடித்துக் குனிந்து வணங்கினாள். முகத்தில் அழகான புன்னகை. உதடு அசைவதே தெரியவில்லை, குரலும் மூச்சுக்காற்றளவுதான். அவள் தோளுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்டது.

"புல்லு வாங்கப் போன பயந்தாங்கொள்ளி நாயே! எம் புருஷனைச் சாகடிக்கப் பார்த்தியே! உனக்கு நல்லாக் கேக்குதுன்னு எனக்குத் தெரியும். நீ ஊருக்கு வர்ற ஒவ்வொரு தடவையும் இதே மாதிரி வந்து, இப்படியே சிரிச்சு, உன்னை எல்லார் முன்னாடியும் திட்டிட்டுப் போவேன். எங்க, ஒரு வார்த்தை பதில் சொல்லு பார்ப்போம்."

ஜெனரலின் புன்னகை அசையவில்லை. காது மடல்கள் இரண்டும் மெல்ல மெல்லச் சிவந்து, கழுத்துப் பட்டிவரைக்கும் சிவப்பு இறங்கியது.

நகரத் தலைவர் பாசத்தோடு அவர் பக்கம் குனிந்து, காதுக்குள் வாயை வைத்துக் கத்தினார்: "ஜெனரல்! இந்தம்மா உங்களுக்கு நன்றி சொல்றாங்க!"

ஜெனரல் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பரவாயில்லம்மா" என்றார், சதுக்கம் முழுக்கக் கேட்கும்படி. "நான் என் கடமையைத்தானே செஞ்சேன்."